படத்தைத் திறக்குமுன்: மலையக வீடுகளுக்கான ஸ்கேன், சேமிப்பு வழிகாட்டி

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை போன்ற நகரங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இறங்கி வருகிறவர்கள் அரிசி, பருப்பு, மரக்கறியோடு ஒரு பென் டிரைவ் நிறையத் திரைப்படங்களையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்புவது நெடுங்காலமாக நடந்து வருகிறது. மலைச்சரிவின் மறைவில் இருக்கும் லயங்களில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும்; இணையத்தில் நேரடியாகப் பார்க்கும் படம் பாதியில் சுற்றிக்கொண்டே நின்றுவிடும். ஆகவே பென் டிரைவிலோ மெமரி சிப்பிலோ படத்தை வைத்துக்கொள்ளும் பழக்கம் இங்கே எளிதில் மறையப் போவதில்லை.

சிக்கல் என்னவென்றால், படம் ஏற்றிய அதே பென் டிரைவ்தான் மறுநாள் பிள்ளையின் ஒப்படையை அச்சிடக் கொமியூனிகேஷன் கடைக்குப் போகிறது, அங்கிருந்து பாடசாலைக் கணினிக்குப் போகிறது, பிறகு பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியிலும் செருகப்படுகிறது. போகும் இடத்தில் எல்லாம் எதையாவது ஒட்டிக்கொண்டு வருகிறது. நமது வீடுகளில் பெரும்பாலும் ஒரு கணினியோ ஒரு போனோதான் இருக்கும். அதற்குள்ளேயே வங்கிச் செயலி, அடையாள அட்டையின் படம், உயர்தரப் பரீட்சைக் குறிப்புகள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பிய பத்திரங்கள் எல்லாம் இருக்கும். ஒரு படத்தால் இவை அத்தனையும் ஆபத்துக்குள்ளாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கொழுந்தை நிறுக்கக் கொடுக்குமுன் முற்றிய இலையையும் குச்சியையும் பொறுக்கி எறிவதைப் போல, வெளியிலிருந்து வரும் கோப்பு எதுவானாலும் ஓரிடத்தில் கொட்டிப் பார்த்து, வேண்டாததை நீக்கிய பிறகே வீட்டுக்குள் சேர்க்க வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது, இரண்டு பென் டிரைவ்கள் வைத்துக்கொள்வது. ஒன்று படங்களுக்கு மட்டும். மற்றது பாடசாலை வேலைக்கும் பத்திரங்களுக்கும் மட்டும். இரண்டிலும் நிற நூலைக் கட்டி வேறுபடுத்திக்கொள்ளலாம். இந்த ஒன்றைச் செய்தாலே பாதி ஆபத்து குறைந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

பென் டிரைவ் வீட்டுக்கு வந்தவுடன்

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் மைக்ரோசாப்ட் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு மென்பொருள் உள்ளேயே இருக்கிறது. தனியாகப் பணம் கொடுத்து வாங்கத் தேவையில்லை. ஆனால் புதிய தீங்குநிரல்களின் அடையாளங்களை அது இணையத்திலிருந்து அடிக்கடி பெற்றுக்கொள்ள வேண்டும். மாதக்கணக்கில் இணையத்தோடு இணைக்கப்படாத கணினியில் ஸ்கேன் செய்தால், பழைய வைரஸை அது பிடிக்கும். அண்மையில் பரவத் தொடங்கியதைப் பெரும்பாலும் கவனிக்காமல் விட்டுவிடும். எனவே வாரத்துக்கு ஒரு தடவையாவது போனின் ஹொட்ஸ்பொட்டைக் கொடுத்து, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியில் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டதால், கணினி இடங்கொடுத்தால் 11க்கு மாறுவது நல்லது.

பென் டிரைவைச் செருகியவுடன் எதையும் திறக்காதீர்கள். கோப்பு உலாவியில் அந்த டிரைவின் பெயர் மீது வலது பொத்தானை அழுத்தி, டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். படக்கோப்புகள் பெரியவை என்பதால் சில நிமிடங்கள் எடுக்கும். முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும். கணினியில் இரண்டாவது வைரஸ் தடுப்பு மென்பொருளையும் சேர்த்து நிறுவினால் பாதுகாப்பு இரட்டிப்பாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். வேறொரு நிறுவனத்தின் மென்பொருள் வந்தால் டிஃபெண்டர் வழக்கமாகத் தானே ஒதுங்கிவிடும். அவ்வாறு இரண்டு மூன்றை ஏற்றினால் கணினி மெதுவாவதுதான் மிச்சம்.

ஸ்கேன் முடிந்த பிறகு உங்கள் கண்ணாலும் ஒரு தடவை பார்க்க வேண்டும். இதற்காக விண்டோஸில் ஒரு சிறிய மாற்றம் தேவை. கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் நீட்சியை விண்டோஸ் இயல்பாக மறைத்தே வைத்திருக்கும். கோப்பு உலாவியின் வியூ பட்டியலில் கோப்பு நீட்சிகளைக் காட்டும் தெரிவை இயக்கிவிட்டால், எம்பி4, எம்கேவி, ஏவிஐ போன்றவை படம் என்றும், எஸ்ஆர்டி என்பது வசன எழுத்து (சப்டைட்டில்) என்றும், இஎக்ஸ்இ, எஸ்சிஆர், பிஏடி, விபிஎஸ் போன்றவை கணினியில் எதையோ இயக்கப்போகும் நிரல் என்றும் உடனே தெரிந்துவிடும். படத்தின் பெயருக்குப் பின் எம்பி4 என்றும், அதன் பின் இன்னொரு புள்ளி வைத்து இஎக்ஸ்இ என்றும் இரட்டை நீட்சி இருந்தால் அது படமே இல்லை. அளவும் ஒரு நல்ல சாட்சி. இரண்டரை மணி நேரப் படம் 3 மெகாபைட்டில் அடங்காது. அப்படி ஒரு கோப்பைக் கண்டால் திறக்காமல் அழித்துவிடுங்கள்.

நமது பகுதியில் அதிகம் காணப்படுவது, எல்லோரும் ஷோர்ட்கட் வைரஸ் என்று சொல்லும் தொல்லை. பென் டிரைவைத் திறந்தால் உங்கள் கோப்புறைகள் எல்லாம் அதே பெயரில் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிறிய வளைந்த அம்புக்குறி தெரியும், அளவு ஓரிரு கிலோபைட்தான் இருக்கும். அதை இருமுறை சொடுக்கினால் கோப்புறையும் திறக்கும், கூடவே வைரஸும் இயங்கிக் கணினிக்குள் குடியேறும். கோப்புறை வழக்கம்போலத் திறப்பதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. அம்புக்குறியைக் கண்டவுடன் கையை எடுத்துவிடுங்கள். உண்மையான கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது. மறைத்து வைக்கப்பட்டிருக்கும், சில வகைகளில் பெயரே இல்லாத ஒரு கோப்புறைக்குள் தள்ளப்பட்டிருக்கும். முதலில் டிஃபெண்டரால் ஸ்கேன் செய்து, பிறகு வியூ பட்டியலில் மறைந்த உருப்படிகளைக் காட்டச் செய்யுங்கள். அப்போதும் தெரியாவிட்டால், கோப்புறைத் தெரிவுகளில் பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் குறியைத் தற்காலிகமாக நீக்கிப் பாருங்கள். வேண்டிய படங்களையும் பத்திரங்களையும் மட்டும் கணினியில் ஒரு தனிக் கோப்புறைக்கு நகலெடுத்து, அதையும் ஸ்கேன் செய்துவிட்டு, பென் டிரைவை ஃபோர்மட் செய்து, அதாவது உள்ளே இருப்பதை முழுவதும் அழித்துவிடுங்கள். நீக்கிய குறியை மறவாமல் மறுபடி இட்டுவிட வேண்டும்.

பென் டிரைவ் வாங்கும்போதும் கவனம் வேண்டும். நடைபாதையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் 1 டெராபைட், 2 டெராபைட் பென் டிரைவ்களில் பல, உள்ளே சிறிய கொள்ளளவை வைத்துக்கொண்டு கணினிக்குப் பெரிய எண்ணைக் காட்டுபவை. ஆரம்பத்தில் ஏற்றும் படங்கள் ஓடும். உண்மையான கொள்ளளவு தீர்ந்த பிறகு ஏற்றுபவை பெயரளவில் மட்டும் இருக்கும், திறக்காது. வாங்கியவுடன் நிரம்பும்வரை ஏற்றி, கடைசியில் ஏற்றிய படத்தை ஓட்டிப் பார்ப்பதே எளிய சோதனை. நல்ல 64 ஜிபி பென் டிரைவ் கணினியில் ஏறத்தாழ 59 ஜிபி என்று காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தாலும் விண்டோஸ் 1024ஆலும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

கணினி இல்லாத வீட்டில்

போனும் தொலைக்காட்சியும் மட்டும் உள்ள வீடுகளே அதிகம். ஓடிஜி இணைப்பி ஒன்று இருந்தால் பென் டிரைவைப் போனில் செருகிப் பார்க்கலாம். விண்டோஸுக்காக எழுதப்பட்ட வைரஸ் ஆண்ட்ராய்டு போனில் இயங்காது. கோப்பின் முழுப் பெயரும் அளவும் போனில் தெரியும். ஆகவே போனிலேயே பட்டியலைப் பார்த்து, படமும் வசன எழுத்தும் தவிர்ந்த சந்தேகமான கோப்புகளை நீக்கிவிட்டுத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோகலாம்.

போனுக்கு உரிய ஆபத்து வேறு வழியால் வருகிறது. புதுப்படம் இலவசம் என்று சொல்லி வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் ஏபிகே கோப்புதான், அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்புதான் அது. படம் பார்க்கச் செயலி ஒன்றை நிறுவச் சொல்லும். நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்கவும், திரையில் உள்ளதைப் படித்து உங்களுக்குப் பதிலாகத் தட்டவும் வல்ல அணுகல்தன்மைச் சேவையை இயக்கவும் அனுமதி கேட்கும். படம் காட்டும் செயலிக்கு உங்கள் குறுஞ்செய்தி எதற்கு என்று ஒரு கணம் யோசியுங்கள். வங்கி அனுப்பும் ஓடிபி என்ற ஒருமுறைக் கடவு எண் பெரும்பாலும் குறுஞ்செய்தியில்தான் வருகிறது. அந்த அனுமதியைக் கொடுத்தால் எண்ணையும் கொடுத்ததாகவே ஆகும். செயலிகளை பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் நிறுவுங்கள். போனின் அமைப்புகளில் அறியப்படாத செயலிகளை நிறுவும் அனுமதி எந்தெந்தச் செயலிக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, வாட்ஸ்அப், டெலிகிராம், குரோம் எல்லாவற்றுக்கும் அதை நிறுத்திவிடுங்கள். பிளே ஸ்டோரின் மேல் மூலையில் உள்ள உங்கள் கணக்கின் சுயவிவரப் படத்தின் மீது தட்டினால் பிளே புரொடெக்ட் என்று ஒரு பகுதி இருக்கும். அதில் ஸ்கேன் கொடுத்தால் போனில் உள்ள செயலிகளைச் சோதிக்கும். ஆண்ட்ராய்டு இயங்கும் தொலைக்காட்சிக்கும் இவையே பொருந்தும்.

பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் போனில் வைரஸ் இருக்கிறது, உடனே சுத்தம் செய்யுங்கள் என்று சிவப்பு எழுத்தில் தோன்றும் பக்கங்கள் விளம்பரங்களே. இணையப் பக்கம் எதுவும் உங்கள் போனுக்குள் புகுந்து வைரஸ் பார்க்க முடியாது. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, குரோமின் அமைப்புகளில் எந்தத் தளத்துக்கு அறிவிப்பு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பார்த்து நீக்குங்கள். படத்தை ஓட்டப் புதிய கோடெக் என்ற துணை மென்பொருள் வேண்டும் என்று கேட்கும் தளமும் இதே வகைதான். வீடியோலேன் அமைப்பு இலவசமாக வழங்கும் விஎல்சி பிளேயர் ஒன்றை வைத்துக்கொண்டால் பெரும்பாலான படக்கோப்புகள் வேறு எதுவுமின்றி ஓடும்.

கியூஆர் குறியை ஸ்கேன் செய்யும்போது

1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் வாகன உதிரிப்பாகங்களை அடையாளம் காண உருவாக்கிய கியூஆர் குறி, நம் நாட்டில் வீடுவீடாகப் பழக்கமானது 2022ஆம் ஆண்டின் எரிபொருள் அட்டையால்தான். அன்றிலிருந்து அந்தச் சதுரத்தைக் கண்டவுடன் போனைத் தூக்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. குறியை வாசிப்பதால் மட்டும் பொதுவாகத் தீங்கு இல்லை. அது காட்டும் இணைப்பைத் திறப்பதும், அங்கே எதையாவது நிரப்புவதும்தான் ஆபத்து. போனின் கேமரா முதலில் முகவரியைக் காட்டும்போது அதை முழுமையாக வாசியுங்கள். சுவரிலும் பேருந்திலும் ஒட்டப்பட்ட, புதுப்படக் குழுவில் சேரச் சொல்லும் குறிகளை விட்டுவிடுவதே மேல். கடையில் லங்காகியூஆர் என்ற கியூஆர் கட்டண முறை மூலம் பணம் கொடுக்கும்போது, திரையில் வரும் வணிகரின் பெயர் அந்தக் கடையுடையதுதானா என்று பார்த்த பிறகே உறுதிசெய்யுங்கள். உண்மையான குறியின் மேல் வேறொன்றை ஒட்டிவிடுவது கடினமான வேலை அல்ல.

எல்லாவற்றையும் விட நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது வாட்ஸ்அப்பின் குறியை. கணினியில் தோன்றும் வாட்ஸ்அப் கியூஆர் குறியை உங்கள் போனால் ஸ்கேன் செய்தால், உங்கள் செய்திகள் அத்தனையும் அந்தக் கணினியில் திறந்துகொள்ளும். அச்சிடும் கடையில் ஒரு கோப்பை எடுப்பதற்காக இப்படிச் செய்துவிட்டு, வெளியேறாமலே பேருந்து ஏறி வந்துவிடுகிறவர்கள் பலர். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியை இன்றே திறந்து பாருங்கள். உங்களுடையது அல்லாத கணினி இருந்தால் அதிலிருந்து வெளியேறுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றைக் கடையில் ஸ்கேன் செய்தால் ஒரு பிரதி அங்கேயே தங்கிவிடலாம் என்பதால், கூகுள் டிரைவ் செயலியில் உள்ள ஸ்கேன் வசதியால் வீட்டிலேயே எடுத்துக்கொள்வது நல்லது.

தவறி உள்ளே வந்துவிட்டால்

பதற்றப்பட்டுப் போனை உடனே கடைக்குக் கொண்டு ஓடாதீர்கள். டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்துங்கள். வேறொருவரின் போனிலிருந்து வங்கியை அழைத்து, இணைய வங்கிச் சேவையைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லுங்கள். மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் அந்த வேறு போனிலிருந்தே மாற்றுங்கள். பிறகு சந்தேகமான செயலியின் அனுமதிகளை நீக்கி, அதை அகற்றி, பிளே புரொடெக்டால் ஸ்கேன் செய்யுங்கள். கணினியானால் விண்டோஸ் செக்யூரிட்டியில் ஓஃப்லைன் ஸ்கேன் என்ற தெரிவு இருக்கிறது. கணினி மீளத் தொடங்கி, விண்டோஸ் இயங்குமுன்பே சோதிக்கும். ஏறத்தாழ 15 நிமிடம் எடுக்கும், அந்த நேரத்தில் மின்சாரம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இணையக் குற்றங்கள் தொடர்பாக இணையப் பாதுகாப்புக்கான தேசிய அமைப்பான இலங்கை செர்ட்டை 101 என்ற எண்ணில் அழைத்து வழிகாட்டல் பெறலாம்.

பெயரும் இடமும்

சோதித்த படங்களை ஒழுங்காக வைக்க நான்கு கோப்புறைகள் போதும்: புதிது, பார்க்க, பார்த்தது, பிள்ளைகள். வெளியிலிருந்து வருவது எதுவும் முதலில் புதிது என்ற கோப்புறைக்கே போக வேண்டும். ஸ்கேன் செய்து, பெயரைத் திருத்திய பிறகே மற்ற மூன்றில் ஒன்றுக்கு நகர வேண்டும். பெயரில் படத்தின் தலைப்பு, வெளிவந்த ஆண்டு, மொழி ஆகிய மூன்றும் இருந்தால் ஒரே தலைப்பில் வந்த இரண்டு படங்கள் குழம்பாது. தொடர்களுக்கு 1, 2 என்று எண்ணிடாமல் 01, 02 என்று இடுங்கள். இல்லாவிட்டால் பல தொலைக்காட்சிகளில் ஒன்றாவது பகுதிக்குப் பின் பத்தாவது பகுதி ஓடத் தொடங்கும். பழைய தொலைக்காட்சிகள் சில தமிழ்ப் பெயர்களை வெறும் கட்டங்களாகக் காட்டும். அப்படியானால் கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பதைத் தவிர வழியில்லை.

வசன எழுத்துக் கோப்பின் பெயர், நீட்சி தவிர, படத்தின் பெயரோடு அச்சொட்டாக ஒத்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே கோப்புறையில் இருக்க வேண்டும். தமிழ் வசனம் புரியாத குறிகளாகத் தெரிந்தால், விஎல்சியின் அமைப்புகளில் வசன எழுத்தின் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று மாற்றிப் பாருங்கள்.

பெரிய படம் பென் டிரைவில் ஏற மறுப்பதற்கு வழக்கமான காரணம் டிரைவில் கோப்புகளை அடுக்கும் ஃபேட்32 என்ற அமைப்பு. அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, டிரைவில் எவ்வளவு இடம் மிச்சம் இருந்தாலும். எக்ஸ்ஃபேட் அமைப்பில் ஃபோர்மட் செய்தால் இந்தத் தடை இல்லை. ஆனால் பழைய தொலைக்காட்சிகள் பல அதைப் படிக்கா. முதலில் ஒரு பென் டிரைவில் மட்டும் முயன்று பார்த்துவிட்டு மற்றதை மாற்றுங்கள். ஃபோர்மட் செய்தால் உள்ளே இருப்பது அனைத்தும் போய்விடும். படம் ஏற்றி முடிந்ததும் பிடுங்கி எடுக்காமல் பாதுகாப்பாக வெளியேற்றும் தெரிவைக் கொடுத்தே எடுக்க வேண்டும். எழுதி முடியாத தரவு அறுபட்டுப் போவதால்தான் பல படங்கள் கடைசிப் பத்து நிமிடத்தில் நின்றுவிடுகின்றன.

டேட்டாவும் நேரமும்

உரிமையுள்ள இடத்திலிருந்து பார்ப்பது சட்டத்துக்கும் உகந்தது, பாதுகாப்பானதும்கூட. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் திரைப்படங்களுக்கும் பாதுகாப்பளிக்கிறது. அனுமதியின்றி நகலெடுத்து விற்பது அதற்கு மாறானது. தயாரிப்பு நிறுவனங்களே யூடியூபில் தமது அதிகாரபூர்வ அலைவரிசைகளில் முழுநீளத் தமிழ்ப் படங்களை இலவசமாக வெளியிட்டிருக்கின்றன. நெட்ஃபிளிக்ஸின் கணக்குப்படி சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 0.7 ஜிபியும், எச்டி தரத்தில் சுமார் 3 ஜிபி வரையும் செலவாகும். அதாவது இரண்டரை மணி நேரப் படம் ஒன்றில் 1.75 ஜிபிக்கும் 7.5 ஜிபிக்கும் இடையிலான வேறுபாடு. ஆறங்குலப் போன் திரையில் இந்த வேறுபாடு கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. ரீலோட் செய்த பணத்தில்தான் தெரியும். செயலியின் அமைப்புகளில் தரத்தைக் குறைத்து வைத்து, உங்கள் பெக்கேஜில் இரவு நேர டேட்டா இருந்தால் அந்த நேரத்தில், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் மேட்டு ரோட்டு வீட்டிலோ நகரத்து உறவினர் வீட்டிலோ இறக்கிக்கொள்ளுங்கள். இத்தகைய செயலிகளில் இறக்கிய படங்கள் சில, பார்க்கத் தொடங்கி 48 மணி நேரத்தில் காலாவதியாகும் என்பதால், எல்லோரும் கூடும் நாளில் மட்டும் தொடங்குங்கள்.

லயத்து அறையில் படம் போட்டால் வீட்டில் உள்ள எல்லோரும் பார்க்கிறார்கள், சுவருக்கு அப்பால் உள்ளவர்களும் கேட்கிறார்கள். ஆகவே பிள்ளைகளோடு பார்க்கும் படத்தைப் பெரியவர் ஒருவர் முன்னரே ஓட்டிப் பார்த்துத் தேர்ந்துவைப்பது தேவை. பரீட்சைக் காலத்தில் பக்கத்து அறைப் பிள்ளைக்காக ஒலியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி மின்னல் அதிகம். இடி கேட்கத் தொடங்கியதும் படம் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் தொலைக்காட்சியின் பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள்.

வீட்டுக் காணொளிகள்

திருமணம், சடங்கு, கோயில் திருவிழா ஆகியவற்றின் டிவிடிகள் பல வீடுகளில் அலமாரி மேல் கிடக்கின்றன. மலையின் ஈரத்தில் அவற்றின் மேல் பூஞ்சணம் படிந்துவிடும். மெல்லிய துணியால், வட்டமாகத் துடைக்காமல், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடைத்து, டிவிடி டிரைவ் உள்ள கணினி ஒன்றில் இட்டு உள்ளே இருப்பதை நகலெடுங்கள். இதைக் கடையில் செய்வித்தாலும் வந்தவுடன் மேலே சொன்னபடி ஸ்கேன் செய்ய வேண்டும். கடையிலிருந்து வாங்கிய படம் அழிந்தால் மீண்டும் பெறலாம். தாத்தாவின் குரல் உள்ள காணொளியை எந்தக் கடையிலும் பெற முடியாது. அதனால் இவற்றைப் படங்களின் பென் டிரைவில் ஒருபோதும் கலக்காதீர்கள். ஒரு பிரதியைத் தனி ஹார்ட் டிஸ்க்கில், மூடி இறுகிய டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். இன்னொரு பிரதியை வேறொரு வீட்டில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது இரண்டையும் செருகி ஓட்டிப் பாருங்கள்.